ஹார்லனைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அடிமைகளை வைத்திருந்த ஒருவரைச் சமத்துவத்தின் குரலாக உங்கள் சட்டக் கல்லூரியில் போற்றுவது உனக்கு உறுத்துகிறது என்று எழுதியிருந்தாய். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் மார்ஷல் ஹார்லன் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு என்றாலும், உன் உறுத்தல் நியாயமானது என்றே கருதுகிறேன்.

அவர் 1833இல் கென்டக்கி மாநிலத்தில், அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்த ஒரு வழக்கறிஞரின் மகனாகப் பிறந்தார். வட, தென் மாநிலங்களுக்கிடையே நடந்த உள்நாட்டுப் போரில், குடியரசுத் தலைவர் லிங்கனின் படையில் கர்னலாகப் பணியாற்றியதை வைத்து அவர் அடிமை முறையை எதிர்த்தவர் என்று எண்ணிவிடாதே. நாடு இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் போரிட்டார். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை எதிர்த்தார். 1864 தேர்தலில் லிங்கனை எதிர்த்து நின்ற மெக்லெல்லனை ஆதரித்தார். அடிமை முறையை ஒழித்த 13ஆவது சட்டத் திருத்தத்தையும் எதிர்த்தார். அத்திருத்தம் வரும்வரை தம் வீட்டு அடிமைகளை அவர் விடுவிக்கவில்லை.

போருக்குப் பின் அவர் மாறினார். 1868 வாக்கில் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கு வந்து, 1871இல் கென்டக்கி ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டபோது எதிரணியினர் அவருடைய பழைய பேச்சுகளைத் தோண்டி எடுத்தனர். அவர் எதையும் மறுக்காமல், முன்பின் முரணில்லாதவன் என்று பெயர் எடுப்பதைவிடச் சரியான பக்கத்தில் நிற்பதே தமக்கு மேல் என்ற பொருளில் மேடையிலேயே பதில் சொன்னார். வாக்குக் கேட்டு நிற்கும் ஒருவர் அப்படிப் பேசுவது எவ்வளவு அரிது என்று எண்ணிப் பார். அந்தத் தேர்தலிலும் 1875இலும் தோற்றார். 1877இல் குடியரசுத் தலைவர் ஹேய்ஸ் அவரை உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தார்.

விடுதிகளிலும் நாடக அரங்குகளிலும் ஊர்திகளிலும் நிறவேற்றுமை காட்டக் கூடாது என்ற 1875ஆம் ஆண்டுச் சட்டத்தை, 1883இல் எட்டு நீதிபதிகள் செல்லாது என்றனர். ஹார்லன் ஒருவரே மறுத்தார். மாறுபட்ட தீர்ப்பை எழுத முடியாமல் அவர் திணறிக்கொண்டிருந்த நாட்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயத்துக்குச் சென்றிருந்தபோது மனைவி மால்வினா ஒரு பழைய மைக்கூட்டைத் துடைத்து மை நிரப்பி அவர் மேசையில் வைத்தார். கறுப்பினத்தவர் அமெரிக்காவின் குடிமக்கள் ஆக முடியாது என்ற 1857ஆம் ஆண்டு டிரெட் ஸ்காட் தீர்ப்பைத் தலைமை நீதிபதி டேனி எழுதியபோது பயன்படுத்தியது அது. அதைக் கண்டபின் கணவரின் பேனா தடையின்றி ஓடியது என்று மால்வினா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். இது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

1896இல் பிளெஸ்ஸி வழக்கு வந்தது. வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் தனித்தனி ரயில் பெட்டிகள் என்ற லூசியானா சட்டத்தை ஏழு நீதிபதிகள் ஏற்றபோது, நம் அரசமைப்புச் சட்டத்துக்கு நிறம் தெரியாது என்றும், குடிமக்களிடையே வகுப்புகளை அது அறிவதும் இல்லை, பொறுப்பதும் இல்லை என்றும் ஹார்லன் தனியாக எழுதினார். இத்தீர்ப்பு டிரெட் ஸ்காட்டைப் போலவே கேடாய் முடியும் என்றும் எச்சரித்தார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல 1954 வரை ஆயிற்று; அவரோ 1911இல், ஏறத்தாழ 34 ஆண்டுகள் பதவியில் இருந்தபின், இறந்துவிட்டார்.

ஆனால் பிளெஸ்ஸி வழக்கில் அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை முழுவதுமாகப் படி, மகளே. அதிலேயே சீனர்களை நம்மினின்று வேறுபட்ட இனம் என்று ஒதுக்கும் ஒரு பத்தி இருக்கிறது. சீனப் பெற்றோருக்கு அமெரிக்க மண்ணில் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் குடிமகனே என்று 1898இல் நீதிமன்றம் கூறியபோது, ஹார்லன் மறுத்தவர் பக்கம் நின்றார். 1899இல் ஜார்ஜியாவில், வெள்ளைப் பிள்ளைகளின் உயர்நிலைக் கல்விக்குப் பணம் தந்துகொண்டே கறுப்பினப் பிள்ளைகளின் உயர்நிலைப் பள்ளியை மூடிய கல்விக் குழுவுக்குச் சாதகமாக ஒருமித்த தீர்ப்பை எழுதியவரும் அவரே. அந்தத் தீர்ப்பை என் மனம் இன்றுவரை ஏற்கவில்லை.

ஆகவே அவரை நான் மதிப்பது குறையற்றவர் என்பதற்காக அன்று. தம்மை வளர்த்த வீட்டின் நம்பிக்கையையும், தாமே மேடையில் பேசியதையும் எதிர்த்து எழுதும் அளவுக்கு அவர் நடந்து வந்த தூரத்துக்காக மதிக்கிறேன். பிளெஸ்ஸி வழக்கிலிருந்து மூன்றே ஆண்டுகளில் ஜார்ஜியா வழக்கை அவர் எப்படி அவ்வாறு தீர்த்தார் என்பதற்கு உன் பேராசிரியர்கள் என்ன காரணம் கூறுகிறார்கள் என்பதையும், உனக்கு என்ன தோன்றுகிறது என்பதையும் விரிவாக எழுது.

அன்புடன்,
அப்பா