வலு இருக்கட்டும், கிளம்பும்போதே வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அதிவேக மின்சார கார்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பேட்டரி, சார்ஜிங், உள்ளே இருக்கும் திரையின் அளவு என்று ஒன்று விடாமல் அலசியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் 'மூன்று விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகம்' என்பதை மட்டும் ஒரு வரியில் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். கார் ஓட்டக் கற்றுத்தருவது என் தொழில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவர் காலையே பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. அதனால் அந்த மூன்று விநாடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

1990களில் உலகின் மிக வேகமான கார் என்று பெயர் வாங்கியது மெக்லாரன் எஃப்1. 627 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்து நூறைத் தொட 3.2 விநாடி. மொத்தம் 106 கார்கள்தான் செய்தார்கள். இன்று வோல்வோ இஎக்ஸ்30 என்ற சின்னக் காரின் இரட்டை மோட்டார் வகை அதே நூறை 3.6 விநாடியில் தொடுகிறது. மேல்வரிசைக்குப் போனால் டெஸ்லா மாடல் எஸ் பிளெய்டில் 1,020 குதிரைத்திறன், லூசிட் ஏர் சஃபையரில் 1,234. இவையெல்லாம் பந்தயத்துக்கென்று செய்த வண்டிகள் அல்ல. பின்சீட்டில் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு போகும் நான்கு கதவு கார்கள்.

இவ்வளவு வலு எப்படி வந்தது? பெட்ரோல் இன்ஜினில் குதிரைத்திறனைக் கூட்ட வேண்டுமென்றால் சிலிண்டர், டர்போ, கியர்பாக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் செலவு செய்ய வேண்டும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். மின்சார காரில் கதை வேறு. ஒரே சார்ஜில் அதிக தூரம் போக வேண்டும் என்று பெரிய பேட்டரி வைத்தாலே, ஒரே நேரத்தில் நிறைய மின்சாரத்தைக் கொட்டும் திறனும் கூடவே வந்துவிடுகிறது. மோட்டார் சுழல ஆரம்பிக்கும்போதே முறுக்குவிசை, அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, முழுதாகக் கிடைக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு மோட்டார் வைத்தால் நான்கு சக்கரங்களும் சேர்ந்து தள்ளும். ஆக, நிறுவனங்கள் பெரிதாகத் தவம் கிடந்து இந்த வலுவைப் பெறவில்லை. பாதி தானாக வந்தது, அதை விளம்பரமாக்கிக்கொண்டார்கள்.

தினசரி ஓட்டத்துக்கு எவ்வளவு தேவை என்று ஒரு எளிய கணக்குப் போடலாம். நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் மின்சாரம் எடுக்கும் கார், நூறு கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஒரு மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பயன்படுத்துவது 18 கிலோவாட். குதிரைத்திறனில் 24! மேடு ஏற, முந்திச் செல்ல, முழுப் பாரம் இழுக்க என்று தாராளமாகச் சேர்த்துக்கொண்டாலும் ஆயிரம் என்ற எண்ணுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

சரி, தேவைக்கு மேல் இருந்தால் என்ன கெட்டுப்போகிறது, மிதிக்காமல் இருந்தால் போயிற்று என்பார்கள். மிதிப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது புதிதாகக் கற்பவர்கள் மட்டும் செய்யும் காரியம் இல்லை. வயதானவர்கள், அவசரத்தில் இருப்பவர்கள், பார்க்கிங்கில் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வண்டியை நகர்த்துபவர்கள் எல்லோருக்கும் நடக்கும். நடந்ததை மூளை உணர்ந்து காலை எடுக்க ஒரு விநாடி ஆகும், பதறிவிட்டால் இரண்டும் ஆகும். வேகம் சீராகக் கூடுவதாக வைத்துப் பாருங்கள். நூறைத் தொடப் பத்து விநாடி எடுக்கும் கார், ஒரு விநாடித் தவறில் ஒன்றரை மீட்டர்கூட நகர்ந்திருக்காது, வேகம் பத்துதான். மூன்று விநாடி கார் அதற்குள் நாலரை மீட்டர் தாண்டி 33 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். இரண்டு விநாடி ஆகிவிட்டால் முதல் கார் ஐந்தரை மீட்டர் தள்ளி 20 கிலோமீட்டர் வேகத்தில். இரண்டாவது பதினெட்டு மீட்டர் தாண்டி 67 கிலோமீட்டர் வேகத்தில். வேகம் மூன்று மடங்குக்குச் சற்று அதிகம், மோதும் ஆற்றலோ பதினோரு மடங்கு. தவறு ஒன்றுதான், செய்தவரும் ஒருவர்தான்.

பெட்ரோல் வண்டியில் தப்பாக மிதித்தால் இன்ஜின் உறுமும். அந்தச் சத்தமே பலரைக் காப்பாற்றியதை நான் பார்த்திருக்கிறேன். மின்சார காரில் அதுவும் கிடையாது. போதாக்குறைக்கு, காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறையும் வசதி இருப்பதால் பலர் பிரேக்கைத் தொடுவதே அபூர்வமாகிவிட்டது. கால் எப்போதும் ஆக்சிலேட்டர் மேலேயே கிடக்கிறது. பதற்றத்தில் காலுக்கு அடியில் இருப்பதுதானே அழுந்தும்?

எடையையும் சேர்த்துப் பாருங்கள். ஹம்மர் மின்சார வண்டி நான்கு டன்னுக்கும் மேல், குதிரைத்திறன் ஆயிரம். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் தலைவர் ஜெனிபர் ஹோமண்டி 2023 ஜனவரியிலேயே இந்த வண்டியின் எடையைச் சுட்டிக்காட்டி, கனமான மின்சார வாகனங்கள் மோதினால் மற்றவர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டார். டயர் சீக்கிரம் தேய்வது, உள்ளே இருப்பவர்களுக்குக் குமட்டுவது எல்லாம் இதற்கு முன்னால் சில்லறை விஷயங்கள்.

எதிர்வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓவர்டேக் செய்யும்போது எதிர்த்தடத்தில் இருக்கும் நேரம் குறைகிறது, உண்மைதான். ஆனால் அதற்கு ஏழு விநாடி கார் போதும். சக்கரம் வழுக்காமல் மின்சார மோட்டாரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் கட்டுப்படுத்த முடிகிறது, அதுவும் உண்மை. ஆனால் அந்தக் கட்டுப்பாடு டயரின் பிடிமானத்தைத்தான் பார்க்கும், ஓட்டுபவர் சரியான பெடலில்தான் கால் வைத்திருக்கிறாரா என்று பார்க்காது.

ஐரோப்பாவில் பைக்குக்குப் படிப்படியான லைசென்ஸ் இருக்கிறது. இடைப்பட்ட ஏ2 வகுப்புக்கு 35 கிலோவாட்தான் வரம்பு. காருக்கு அப்படி எங்கும் பெரிதாக இல்லை. தெற்கு ஆஸ்திரேலியா 2024 டிசம்பர் முதல் டன்னுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் உள்ள கார்களை ஓட்டத் தனி வகுப்பு லைசென்ஸ் கேட்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆனால் எடையால் வகுக்கும் கணக்கு என்பதால், பேட்டரி கனமாக ஆக, கார் வரம்புக்குக் கீழே சுலபமாகத் தப்பிவிடும். நான் சொன்ன 3.6 விநாடி வோல்வோவும் இந்த வலையில் சிக்காது.

எனக்குச் சரியாகப் படுவது சீனாவில் 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதி. வலுவைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை காரை இயக்கும்போதும், நூறைத் தொட ஐந்து விநாடிக்குக் குறையாத நிலையில்தான் அது கிளம்ப வேண்டும் என்கிறது. முழு வலு வேண்டுமென்றால் ஓட்டுபவர் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐந்து விநாடியில் நூறு என்பதே எனக்கு அதிக வேகம்தான், ஏழு விநாடி என்றால் நிம்மதி. ஆனாலும் வழி இதுதான். இதைச் செய்யப் புதிதாக எந்தப் பாகமும் வேண்டாம், சாஃப்ட்வேர் போதும். அமெரிக்காவில் மெர்சிடிஸ் 2022இல் வருடச் சந்தா கட்டினால் பிக்கப்பைக் கூட்டித் தருவதாக அறிவித்ததே! பணம் கட்டினால் கூட்ட முடிகிற ஒன்றை விதி போட்டுக் குறைக்க முடியாதா?

இதை நிறுவனங்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடவும் கூடாது. 1,500 குதிரைத்திறனுக்கும் மேல் கொண்ட எஸ்யூ7 அல்ட்ரா என்ற தன் மின்சார காரில், பந்தயத் தடத்தில் ஓட்டிக் காட்டும்வரை சுமார் 900 மட்டுமே கிடைக்கும் என்று சீன நிறுவனமான ஷாவ்மி 2025 மே மாதம் ஒரு சாஃப்ட்வேர் மாற்றம் கொண்டுவந்தது. வாங்கியவர்கள் கொதித்தார்கள், நிறுவனம் பின்வாங்கியது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது, விற்ற பிறகு பிடுங்கினால் யார் சும்மா இருப்பார்கள்? ஜப்பான் நிறுவனங்களும் ஒரு காலத்தில் 280 குதிரைத்திறனுக்கு மேல் போவதில்லை என்று தங்களுக்குள் பேசி வைத்திருந்தன. காகிதத்தில் 280, சில கார்களுக்குள் இருந்தது அதற்கும் மேல். 2004இல் அந்தப் பேச்சும் முடிந்தது. அதே ஜப்பானில் இப்போது, தடை முன்னால் இருக்கும்போது ஆக்சிலேட்டரைத் தவறி மிதித்தால் தடுக்கும் கருவி, 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் கட்டாயமாகிறது. பேச்சு செய்யாததைச் சட்டம் செய்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை மின்சார காரைச் சோதித்து எழுதும்போது, நூறைத் தொடும் விநாடியோடு இன்னும் சிலவற்றையும் போடுங்கள். நிதானமான மோடில் வைத்து அணைத்த காரை மறுநாள் இயக்கினால் அது அதே மோடில் இருக்கிறதா, பழைய வேகத்துக்குத் திரும்பிவிடுகிறதா? வீட்டில் வேறொருவர் ஓட்டும்போது முழு வலுவுக்குப் பூட்டுப் போட முடியுமா? சுவருக்கு முன்னால் நிற்கும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் கார் என்ன செய்கிறது? என்னிடம் கற்றுக்கொள்ள வருபவர்கள் எந்த கார் வாங்கலாம் என்று கேட்கும்போது, இந்த மூன்றுக்கும் பதில் தேடித்தான் நானும் அலைகிறேன்.

இப்படிக்கு,
ஓட்டுநர் பயிற்சி தரும் ஒரு வாசகர்