மீட்டிங் எங்கே என்று சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

என் வீட்டுக்காரர் கிரானைட் பாலிஷ் வேலை செய்பவர். மறுவாழ்வு மையம் ஒன்றில் தங்கிச் சிகிச்சை முடித்து வந்தபோது ஒரு சீட்டு கொடுத்தார்கள். மாத்திரைகளுக்குக் கீழே, "மீட்டிங்குக்குத் தவறாமல் போகவும்" என்று ஒரு வரி. எந்த ஊர், என்ன கிழமை, எத்தனை மணி என்று எதுவும் இல்லை. கேட்டதற்கு "விசாரிச்சுப் பாருங்கம்மா" என்றார்கள். குடிக்கிறவர் வீட்டுப் பெண் இதைக் கடைத்தெருவில் நின்று யாரிடம் விசாரிப்பாள்?

அவர்கள் சொன்னது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்தை. ஏ.ஏ. என்பார்கள். 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணையாக நின்றதில் தொடங்கியது. கட்டணம் கிடையாது. குடியை விடவேண்டும் என்ற எண்ணம் இருந்தால் போதும், யாரும் போகலாம். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பது வெளியே போகாது.

தெரிந்த லாரி டிரைவர் ஒருவர் மூலமாகத்தான் ஓசூர்ப் பக்கம் ஒரு கூட்டம் நடப்பது தெரியவந்தது. முதல் தடவை நானும் கூடப் போனேன். அன்றைக்குக் குடிநோயாளிகள் மட்டும் உட்காரும் கூட்டம் என்பதால் நான் வராந்தாவில் இருந்தேன். கதவு வழியாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளும் டீ கேனும் தெரிந்தன. முடிந்ததும் வயதான ஒருவர் இவரை ஓரமாகக் கூப்பிட்டு, பஸ் டிக்கெட்டின் பின்னால் தன் நம்பரை எழுதிக் கொடுத்து, "குடிக்கணும்னு தோணுச்சுன்னா ராத்திரி எந்நேரமானாலும் கூப்பிடு தம்பி. குடிச்சதுக்கப்புறம் இல்ல, முன்னாடி" என்றார். வீட்டில் வாயே திறக்காத மனிதர், திரும்பி வரும்போது கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

எங்கள் பக்கத்தில் குடியை நிறுத்த மாலை போடுவார்கள், கோயிலில் கயிறு கட்டுவார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன், மாலை போட்டிருந்த நாட்களில் என் வீட்டிலும் நிம்மதி இருந்தது. ஆனால் மாலையைக் கழற்றிய மறுநாள் யார் துணை? இன்னொன்றையும் சொல்லவேண்டும். வருஷக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், சிலருக்கு வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் முதலில் டாக்டர், அப்புறம் விடாமல் மீட்டிங். இரண்டும் வேண்டும்.

ராஜாஜி 1937இல் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். நம் கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. கடைகளை மூடுவதா வேண்டாமா என்று பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். நான் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம். அரசு மருத்துவமனையானாலும் தனியார் மையமானாலும், ஆளை வீட்டுக்கு அனுப்பும்போது பக்கத்தில் நடக்கும் மீட்டிங்கின் இடம், கிழமை, நேரம் மூன்றையும் சீட்டில் எழுதித் தரவேண்டும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு, அதையும் சேர்த்து எழுதவேண்டும். 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். அந்த எண்ணைப் பஸ் ஸ்டாண்டுகளில் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம்.

கூட்டம் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊத்தங்கரை, பென்னாகரம், தேன்கனிக்கோட்டை மாதிரி ஊர்களிலிருந்து வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். ஞாயிறு பகலில் ஒரு கூட்டம் வைத்தால் கூலி வேலைக்காரர்கள் சம்பளத்தை விடாமல் வரமுடியும்.

உங்கள் நாளிதழில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் கோயில் விழா, கண் சிகிச்சை முகாம் எல்லாம் போடுகிறீர்கள். அதிலேயே இந்த மீட்டிங் விவரத்தையும் வாரம் ஒரு தடவை வெளியிடுங்கள். அவர் நலம் கருதி என் பெயரை மட்டும் போடவேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.