எடைக்குப் போடும் முன் ஒரு பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 ஏற்ற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி கணினியில் வேண்டும், இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. மூன்றாம், நான்காம் தலைமுறை ஐ3 கணினிகளை வைத்துக்கொண்டு கணினி அறை நடத்தும் பள்ளிகளில், "இனி இது தேறாது, ஏலத்தில் விட்டுவிடலாம்" என்ற பேச்சு எழுவது இயல்பு. சேலத்தில் நிரல் எழுதுவதையே பிழைப்பாகக் கொண்ட நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் தளர்ந்துபோனது ஹார்டு டிஸ்க், பிராசசர் இன்னும் நன்றாகவே இருக்கும்.

சுழலும் டிஸ்க் சிதறிக் கிடக்கும் கோப்புகளைத் தேடி விநாடிக்குச் சுமார் 100 முறைதான் தாவிப் படிக்கும். அதே வேலையை, சுழலும் பாகமே இல்லாத சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்குப் பல்லாயிரம் முறை செய்யும். கணினி எழுந்து வருவதற்குள் பாதி பீரியட் போவதற்கு இதுவே காரணம். பெட்டி ஒன்றுக்கு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, ரேம் 4 ஜிபி மட்டும் இருந்தால் கூட ஒரு 4 ஜிபி, இவ்வளவே தேவை. வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிடிஆர்3 வகை ரேமுக்கும் டிடிஆர்4 வகை ரேமுக்கும் வெட்டு இருக்கும் இடம் வேறு; அழுத்தி ஏற்றினால் ஸ்லாட் உடையும். லேப்டாப்புக்கு 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று கேட்டு வாங்க வேண்டும். பல லேப்டாப்புகளில் 1.5 வோல்ட் ரேமைப் போட்டால் திரையே வராது. கடைக்காரர் "மதர்போர்டு போச்சு" என்று சொல்லிவிடுவார்.

திறந்த கையோடு தூசியையும் எடுத்துவிடலாம். புளோயர் அடிக்கும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். தாறுமாறான வேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும். பிராசசர் மேல் காய்ந்துபோன பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, மிளகு அளவுக்குப் புதிதாக வைத்தால் போதும். ரேமின் பொன்னிறப் பற்களை பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டாலே, "டிஸ்ப்ளே வரல" என்று ஓரம் கட்டிய பெட்டிகளில் சில உயிர் பெறும்.

பட்டன் பேட்டரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற அந்த 3 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிட்டால், மின்சாரம் நின்று வரும்போதெல்லாம் கணினியின் தேதி பல ஆண்டு பின்னால் போய் நிற்கும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பதை பிரவுசர் பார்க்கும். தேதி தவறினால் எந்தத் தளமும் திறக்காது. பள்ளியில் இதை "நெட் வரல" என்று சொல்லி மோடத்தைப் பழிப்பார்கள். மாற்ற வேண்டியது ஒரு சிறு வில்லையைத்தான்.

அடுத்தது மென்பொருள். கேரளப் பள்ளிகள் பல ஆண்டுகளாக, யாரும் பார்த்து மாற்றிப் பகிரக்கூடிய கட்டற்ற இயங்குதளமான குனு/லினக்ஸில்தான் கணினிப் பாடம் நடத்துகின்றன. இது பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிய விஷயம். அதில் ஒரு வகையான டெபியனை, எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய திரை அமைப்போடு நிறுவினால் 4 ஜிபியிலும் ஓடும். பிராசசர் 64 பிட் ஆக இருக்க வேண்டும். 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவி கிடையாது. 8 ஜிபி பென்டிரைவில் எழுதி, நிறுவாமலே லைவாக ஓட்டி, வைஃபை, ஒலி, பிரின்டர் மூன்றையும் முதலில் சோதிக்க வேண்டும். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் ஆசை தொல்லையில்தான் முடியும். அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி டிஸ்க்கை முழுதாக மூடாமல் பாதியில் விடுவதால், லினக்ஸில் அந்தப் பகுதி படிக்க மட்டும் திறக்கும். மாணவர் செய்த வேலை சேமிக்க முடியாமல் போகும்.

இருபது கணினிக்கும் தனித்தனியாக நிறுவ வேண்டியதில்லை. ஒன்றைச் சரியாக அமைத்து, குளோன்ஜில்லா என்ற மென்பொருளால் டிஸ்க்கை அப்படியே நகல் எடுக்கலாம். ஆனால் நகல் எடுக்கும் முன், கணினியின் அடையாள எண் இருக்கும் 'மெஷின் ஐடி' கோப்பைக் காலியாக்கிவிட வேண்டும். மறந்தால் இருபதும் தங்களை ஒரே கணினி என்று சொல்லிக்கொண்டு, ஒரே ஐபி முகவரியைக் கேட்டு முட்டிக்கொள்ளக்கூடும். வானவில், பாமினி எழுத்துருக்களில் அடித்த பழைய வினாத்தாள்களை யூனிகோடுக்கு மாற்றி வைத்துவிட்டால், ஆசிரியர்களின் பாதித் தயக்கம் அங்கேயே தீரும்.

ஏற்காட்டுப் பள்ளிகளுக்கு வேறு கவலைகள். மலையில் பனியும் மழையும் சேர்ந்து வரும் மாதங்களில், பிளாஸ்டிக் உறை போட்டு மூடிய கணினிக்குள் ஈரம் தங்கிப் பச்சை பிடிக்கும். பருத்தித் துணி போதும். வகுப்பு இல்லாத வாரத்திலும் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் சூடே ஈரத்தை விரட்டிவிடும். கோடை இடியின்போது ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு இழுத்த செம்புக் கம்பி லேன் வழியாகவும் மின்னல் அதிர்வு புகுந்து, நெட்வொர்க் சுவிட்சோடு சேர்த்து மதர்போர்டுகளையும் எரிக்கும். கட்டடங்களுக்கு இடையில் ஃபைபர் இழுப்பதே சரியான வழி. கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கீழே சேலத்தில் எதிரி வெயில். யுபிஎஸ் பேட்டரி, சூடு 10 டிகிரி கூடும்போது ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். அதைத் தகரக் கூரைக்கடியில், மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது.

பெட்டி எழுந்துவிட்டது என்றால், அதில் எதைச் சொல்லிக் கொடுப்பது? பிளஸ் 2 பாடத்தில் பைதான் என்ற நிரல் மொழி இருக்கிறது, இருக்கட்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புக்கு லிஸ்ப் குடும்பத்து மொழி ஒன்றைப் பரிந்துரைக்கிறோம். லிஸ்ப், 1958-இல் ஜான் மெக்கார்த்தி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய மொழி. 1967-இல் பிள்ளைகளுக்கென்று பிறந்த லோகோ அதன் வாரிசு. ஆமையை நடக்கவிட்டுச் சதுரம் வரையும் பைதானின் டர்ட்டில் அந்த லோகோவிடமிருந்து வந்தது. எம்ஐடி ஆய்வகத்தில், லிஸ்ப்பை ஓட்டவென்றே செய்த கணினிகளான லிஸ்ப் இயந்திரங்களின் நிரலை எல்லோரும் பகிர்ந்துகொண்ட வழக்கம் நிறுவனப் போட்டியில் உடைந்ததைப் பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன்தான் 1983-இல் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். பள்ளிக் கணினியில் இன்று நாம் ஏற்றும் கட்டற்ற மென்பொருளுக்கும் லிஸ்ப்புக்கும் அவ்வளவு நெருங்கிய உறவு.

அந்தக் குடும்பத்தில் ராக்கெட் என்ற மொழி டெபியனிலேயே கிடைக்கிறது. (+ 2 3) என்று தட்டினால் 5 வரும். (* 4 (+ 1 2)) என்றால் 12. எதை முதலில் செய்வது என்ற விதி மனப்பாடம் தேவையில்லை. உள்ளே இருக்கும் அடைப்பிலிருந்து வெளியே வந்தால் கணக்கு முடிந்தது. பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்: நீளத்தை அகலத்தால் பெருக்கும்படி ஒரு முறை வரையறுத்துவிட்டால், (பரப்பு 12 8) என்று கேட்டதும் 96 கிடைக்கும்.

தவறுகள் எங்கே வரும் என்பது ஆசிரியருக்கு முன்பே தெரிந்திருந்தால் வகுப்பு தடுமாறாது. (+2 3) என்று இடைவெளி விடாமல் அடித்தால், +2 என்பதை எண்ணாக எடுத்துக்கொண்டு "இது செயற்கூறு இல்லை" என்று பிழை காட்டும். கணக்கு நோட்டில் அடைப்பைக் கூடுதலாகப் போட்டால் கெடுதல் இல்லை. இங்கே ((+ 1 2)) என்று போட்டாலும் அதே பிழைதான். அடைப்பு என்றால் 'இயக்கு' என்று பொருள்; 3-ஐ எப்படி இயக்குவது? கடைசி அடைப்பை மூடாவிட்டால் கணினி பேசாமல் காத்திருக்கும். பிள்ளைகள் ஹேங் ஆகிவிட்டது என்று ஸ்விட்சை அணைத்துவிடுவார்கள். தமிழ்ப் பெயர்களில் நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. 'கொ' என்பதில் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகவும் பதியலாம், ஒரே குறியீடாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ராக்கெட்டுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். எல்லாக் கணினியிலும் தமிழ்99 விசைப்பலகையை ஒரே அமைப்பில் வைத்தால் இது வராது.

மாவட்டக் கல்வி அதிகாரிகளிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகங்களிடமும் நாங்கள் கேட்பது இது. ஏலப் பட்டியலில் கையெழுத்திடும் முன், ஒரே ஒரு பெட்டிக்கு மட்டும் எஸ்எஸ்டியும் டெபியனும் போட்டு, எழுந்து வரும் நேரத்தை மாற்றுவதற்கு முன்னும் பின்னும் கடிகாரம் வைத்துக் குறித்துப் பாருங்கள். கழற்றிய டிஸ்க்கை இருப்புப் பதிவேட்டில் ஏற்றிப் பூட்டி வையுங்கள். மாணவர்களின் ஆதார் எண்ணும் மதிப்பெண்ணும் அதில் இருக்கக்கூடும். அவசரமாகச் செய்த ஃபார்மட்டால் அவை அழிவதில்லை. டிஸ்க் முழுவதையும் ஒருமுறை பூஜ்ஜியத்தால் நிரப்பிய பிறகே பள்ளி வாசலைத் தாண்ட விடுங்கள்.

இப்படிக்கு,
கணினி நிரலாளர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.