எஃப்.கே.எம். என்று விற்கப்பட்ட ஓ-ரிங்குகள் குறித்த புகார்

அனுப்புநர்:
படகு எஞ்சின் பட்டறை உரிமையாளர்,
குளச்சல், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: உறையில் அச்சிட்டதற்கு மாறான ரப்பர் அனுப்பியது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்யும் விசைப்படகு ஒன்றின் டீசல் எஞ்சினில், எஞ்சினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து எண்ணெய் இறங்கும் குழாயில் போடுவதற்காகத் தங்களிடம் எஃப்.கே.எம். எனப்படும் புளோரின் ரப்பரில் செய்த ஓ-ரிங்குகள், அதாவது கசிவை அடைக்கும் வளையங்கள், வாங்கினேன். மெக்கானிக்குகள் 'விட்டான்' என்று கேட்டு வாங்கும் வகை இது. எண்ணெய்க்குச் சாதாரணமாகப் போடும் நைட்ரைல் ரப்பரைவிடக் கூடுதல் விலை கொடுத்து இதை வாங்குவதே, 200 டிகிரி செல்சியஸ் வரை சூடான எண்ணெயில் கிடந்தாலும் கெடாது என்பதற்காகத்தான்.

படகு கரை திரும்பியபோது அந்த இணைப்பில் எண்ணெய் கசிந்து, சூடான புகைக்குழாய் மேல் வழிந்திருந்தது. நடுக்கடலில் தீப்பிடிக்காதது அவர்கள் நல்ல நேரம். கழற்றிய ரிங் வளையாமல் விரலிடையிலேயே முறிந்தது. உருண்டையாக இருக்க வேண்டிய வெட்டுமுகம் இருபுறமும் தட்டையாகி, வெளிவிளிம்பில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. நைட்ரைலின் மூலக்கூறுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளைச் சூட்டில் ஆக்சிஜன் தாக்குவதால், 100, மிஞ்சினால் 120 டிகிரிக்கு மேல் தொடர்ந்து தாங்காமல் அது இப்படித்தான் இறுகிப்போகும். கார்பன்-புளோரின் பிணைப்பின் வலுவால் எஃப்.கே.எம். அந்தச் சூட்டில் இவ்வளவு விரைவில் இந்த நிலைக்கு வராது.

பயன்படுத்தாத ரிங் ஒன்றை, எஞ்சின் நிறுவனத்தின் அதே அளவுள்ள அசல் ரிங்குடன் நகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்ததில், தங்களுடையது மூன்றில் இரண்டு பங்கு எடையே இருந்தது. எஃப்.கே.எம். கலவையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், நைட்ரைல் 1.2, 1.3 அளவில் நின்றுவிடும். ஆகவே தாங்கள் அனுப்பியது நைட்ரைல் என்றே கருதுகிறேன். ரிங்கின் பழுப்பு நிறம் எதற்கும் சான்றல்ல, சாயம் எந்த ரப்பரிலும் ஏறும்.

தொலைபேசியில் பேசிய தங்கள் ஊழியர், ரப்பர் என்றால் சூட்டில் இறுகத்தான் செய்யும் என்றார். குலசேகரம் தோட்டத்து இயற்கை ஷீட் ரப்பரில் செய்த வாஷருக்கு வேண்டுமானால் அந்தப் பதிலைச் சொல்லலாம். சந்தேகமிருந்தால் தீயில் காட்டிப் பார்க்கவும் சொன்னார். எஃப்.கே.எம். எரிந்தால் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் நச்சு வாயு வரும் என்பது அதை விற்பவருக்கே தெரியவில்லை.

ஆகவே முழுத் தொகையையும் திருப்பித் தந்து, அந்தத் தொகுதிக்கான மூலப்பொருள் சோதனைச் சான்றிதழை அனுப்பி, அதே தொகுதியை வாங்கிய மற்றவர்களுக்கும் உடனே தகவல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால், சுயதொழில் பிழைப்புக்காகப் பொருள் வாங்கியவன் என்ற முறையில், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். முறிந்த ரிங்கும் பிரிக்காத உறையும் என்னிடமே இருக்கும்; ரசீது நகலும் புகைப்படங்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்