மலாயாவில் கழிந்த பத்து ஆண்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரிஷிகேசம் சுவாமி சிவானந்தரின் வாழ்க்கையைப் பற்றித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். தாமிரபரணிக் கரையில் பிறந்த குப்புசாமி கங்கைக் கரையில் துறவியான வரலாற்றைக் கட்டுரையாளர் மிகுந்த பக்தியோடு எழுதியிருக்கிறார். ஆயினும், சுவாமிகள் மலாயாவில் சில காலம் மருத்துவராக இருந்தார் என்றும், பிறகு மருத்துவத்தைத் துறந்து இமயம் சென்றார் என்றும் ஒரே வரியில் கடந்துவிட்டது எனக்கு வருத்தம் அளித்தது. நான் அரசு மருத்துவமனை ஒன்றில் 32 ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். என் தாத்தா மலாயா ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். அதனால் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

1887 செப்டம்பர் 8 அன்று பத்தமடையில், அப்பய்ய தீட்சிதரின் மரபில் பிறந்தவர் சுவாமிகள். தந்தையார் வேங்கு ஐயர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் தாசில்தாராக இருந்தார். தஞ்சாவூரில் மருத்துவம் பயின்ற குப்புசாமி, 1909-இல் திருச்சியிலிருந்து ‘அம்ப்ரோசியா’ என்ற ஆங்கில மருத்துவ மாத இதழைத் தொடங்கினார். தாயார் கொடுத்த 100 ரூபாய்தான் அதற்கு முதல். நோயைத் தடுக்கும் வழிகள் சாதாரண மக்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக, பணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அதன் பிரதிகளை வேண்டியவர்களுக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார். பிற்காலத்தில் அவர் எழுதிக் குவித்த நூல்களையும், கேட்டவர்க்கெல்லாம் அவற்றை இலவசமாக அனுப்பிய வழக்கத்தையும் பார்க்கும்போது, அந்தக் கை திருச்சியிலேயே பழகிய கை என்பது விளங்கும்.

1913-இல் அவர் மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். சைவ ஆசாரம் கெட்டுவிடுமோ என்ற அச்சத்தில், தாயார் கட்டிக் கொடுத்த பலகாரங்களை மட்டுமே உண்டு, கரை இறங்கும்போது பாதி உயிராகத்தான் இருந்திருக்கிறார். செரம்பானுக்கு அருகில் ஒரு ரப்பர்த் தோட்டத்து மேலாளர், ஒரு மருத்துவமனையைத் தனியாக நடத்த முடியுமா என்று கேட்க, மூன்று இருந்தாலும் நடத்துவேன் என்று தாம் விடை சொன்னதைத் தன்வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். அங்கே ஏறத்தாழ ஏழு ஆண்டுகளும் பிறகு ஜொகூர் பாருவிலும் பணிபுரிந்தார்.

தோட்ட மருத்துவமனை என்றால் என்ன என்பதை இன்றைய வாசகர்களுக்குச் சற்று விளக்கியிருக்க வேண்டும். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910-இல் முடிவுக்கு வந்தபோதிலும், கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்த்துக்கொண்டு போவது தொடர்ந்தது. நம் மாவட்டங்களிலிருந்து போனவர்கள் காட்டை அழித்து எழுப்பிய தோட்டங்களில் மலேரியாவுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கொத்துக் கொத்தாகப் பலியானார்கள். அவர்களுடைய மொழியில் பேசி, நாடி பார்த்து, மருந்து கலந்து கொடுக்கும் மனிதர் ஒருவர் அங்கே இருப்பது எப்பேர்ப்பட்ட ஆறுதலாக இருந்திருக்கும் என்பதை, காய்ச்சல் நாட்களைப் பற்றி என் தாத்தா சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்த என்னால் உணர முடிகிறது. ஏழைகளிடம் பணம் வாங்காததோடு, தம் கைப்பணத்தையும் கொடுத்து அனுப்பும் மருத்துவர் என்று குப்புசாமி பெயர் பெற்றதும் அங்கேதான். அவருடைய சிகிச்சையில் குணமடைந்த சாது ஒருவர் ‘ஜீவப் பிரம்ம ஐக்கியம்’ என்ற வேதாந்த நூலைக் கொடுத்துச் சென்றார் என்பதும், அதுவே அவர் உள்ளத்தைத் துறவின் பக்கம் திருப்பியது என்பதும் பலரும் அறிந்த செய்தி. அந்த நூல் அவர் கைக்கு ஒரு நோயாளியின் வழியாக வந்து சேர்ந்தது என்பதைத்தான் நாம் கவனிக்கத் தவறுகிறோம்.

1923-இல் தாயகம் திரும்பி, வடக்கே தலங்கள் தோறும் அலைந்து, 1924 மே மாதம் ரிஷிகேசம் அடைந்தார். ஜூன் 1 அன்று சுவாமி விசுவானந்த சரஸ்வதி அவருக்குச் சந்நியாசம் அளித்தார். கட்டுரையாளர் கூறுவது போல அவர் சம்பளத்தைத் துறந்தார், வீட்டைத் துறந்தார், பெயரையும் துறந்தார். மருத்துவத்தை மட்டும் துறக்கவில்லை. சுவர்க்காசிரமத்துக் குடிலில் கடும் தவம் செய்த காலத்திலும், நோயுற்ற சாதுக்களையும் பத்ரிநாத யாத்திரிகர்களையும் தேடிச் சென்று சிகிச்சை அளித்தார். ஒரு யாத்திரிகருக்கு மருந்து கொடுத்து அனுப்பிய பிறகு, அதைவிட நல்ல மருந்து ஒன்று நினைவுக்கு வரவே, மறுநாள் விடியலில் மலைப்பாதையில் பல மைல் ஓடிப்போய் அவரிடம் சேர்த்த நிகழ்ச்சியை அவருடைய சீடர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மருந்துக் கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கொடுத்த மருந்து போதுமா என்று நோயாளி போன பின்பும் நினைத்துப் பார்க்கிற மனம் ஒரு நாளில் வந்துவிடுவதில்லை, அது வார்டில் பல்லாண்டு நின்று பழகி வருவது.

1927-இல், பழைய ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் ஒன்றிலிருந்து கிடைத்த பணத்தைக் கொண்டு இலட்சுமண ஜூலாவில் இலவச மருந்தகம் ஒன்றைத் தொடங்கினார். அவர் நிறுவிய தெய்வீக வாழ்க்கைச் சங்கம் உருவானது 1936-இல்தான். அதாவது, சங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பாகவே மருந்தகம் வந்துவிட்டது. பிற்பாடு 1945-இல் ஆயுர்வேத மருந்துச் சாலையும், 1957-இல் கண் மருத்துவமனையும் எழுந்தன. 1943-இல் வந்து சேர்ந்த இளைஞர் ஸ்ரீதர் ராவை மருந்தகத்தில்தான் பணியில் அமர்த்தினார்கள். அவரை எல்லோரும் ‘டாக்டர் ராவ்ஜி’ என்றே அழைத்தார்கள். அவரே பிறகு சுவாமி சிதானந்தராகித் தொழுநோயாளிகளின் புண்களைத் தம் கையால் கழுவிக் கட்டியவர். 1963 ஜூலை 14 அன்று குருநாதர் மகாசமாதி அடைந்த பின் சங்கத்தின் தலைவரானவரும் அவரே. சின்மயானந்தர், சத்யானந்தர், விஷ்ணுதேவானந்தர் ஆகிய சீடர்களைப் பற்றிக் கட்டுரை விரிவாகவே பேசுகிறது. சிதானந்தர் மருந்தகத்தில் செய்த பணியையும் அவற்றோடு சேர்த்திருக்கலாம்.

சுவாமிகள் தம் உபதேசத்தைச் சில சொற்களில் அடக்கும்போது, சேவை, அன்பு, ஈகை, தூய்மை, தியானம், ஞானம் என்றே வரிசைப்படுத்தினார். சங்கர மரபில் தீட்சை பெற்ற ஒரு வேதாந்தி சேவையை முதற்படியில் வைத்ததற்கு நூலறிவு மட்டும் காரணமாக இருக்க முடியாது என்பது என் கருத்து. பலன் கருதாமல் செய்யும் பணியை நிஷ்காமிய கர்மம் என்று கீதை சொல்கிறது; அதை அவர் கீதை வகுப்பு நடத்துவதற்கு வெகு காலம் முன்பே செரம்பான் தோட்டத்தில் செய்து பார்த்துவிட்டார்.

அக்கட்டுரையை விரித்து நூலாக வெளியிடப் போவதாகத் தங்கள் இதழிலேயே அறிவித்திருக்கிறீர்கள். அந்நூலில் 1913 முதல் 1923 வரையிலான ஆண்டுகளுக்கென ஒரு தனி இயல் அமைக்குமாறு கட்டுரையாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறேன். மருத்துவத்தைத் துறந்தார் என்ற தொடரையும் அருள்கூர்ந்து நீக்கிவிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருநெல்வேலி