ஆடி மழைக்குத் தாங்காத சோலார் எதற்கு?

ஆசிரியருக்கு,

கம்பி இழுக்க முடியாத பழங்குடிக் கிராமங்களுக்கு வீட்டுக்கு வீடு சோலார் என்று அடிக்கடி செய்தி வருகிறது. நல்லதுதான், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் திட்டம் போடுகிறவர்கள் நீலகிரியில் கூடலூர், பந்தலூர் பக்கம் ஆடி மாதத்தில் ஒரு வாரம் தங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் கணக்குப் போட்டால் தேவலை.

எல்லா வீட்டுக்கும் மின்சாரம் என்று மத்திய அரசு 2017-ல் கொண்டுவந்த சௌபாக்யா திட்டத்தில் இப்படிப்பட்ட வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் பேனல், பேட்டரி, 5 எல்இடி விளக்கு, ஒரு ஃபேன், 5 வருடப் பராமரிப்பு என்று வைத்தார்கள். (மலைக்குளிரில் ஃபேன் எதற்கு என்று கேட்காதீர்கள், நாடு முழுக்க ஒரே பட்டியல்.) 7 வாட் விளக்கு ஐந்தும் 5 மணி நேரம் எரிந்தால் 175 வாட்-மணி போய்விடும். 12 வோல்ட், 40 ஏஎச் (ஆம்பியர்-மணி) லெட்-ஆசிட் பேட்டரி என்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 480 வாட்-மணி, அதைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசு குறையும் என்பதால் கைக்கு வருவது 240 மட்டுமே, அதாவது ஒரு ராத்திரிக்குக் கொஞ்சம் மேலே. இங்கே மேகம் மூடினால் நாள்கணக்கில் விலகாது. அரைகுறை சார்ஜிலேயே கிடக்கிற பேட்டரியின் தகடுகளில் சல்பேட் படிந்து, ஒன்றிரண்டு மழைக்காலத்திலேயே அது படுத்துவிடும். பேனல் மட்டும் கூரையில் பளபளப்பாக இருக்கும், கணக்கிலும் 'மின்வசதி பெற்ற வீடு' என்றே இருக்கும்.

அதே மழையில் ஓடைகள் நிரம்பி ஓடுகின்றனவே, அதை ஏன் யாரும் கணக்கில் எடுப்பதில்லை? நொடிக்கு 5 லிட்டர் தண்ணீர் 20 மீட்டர் இறக்கத்தில் குழாய் வழியாக வந்தால், பாதி வீணாய்ப் போனாலும் 500 வாட் அளவுக்குக் கிடைக்கும், அதுவும் ராத்திரி பகல் பாராமல். பத்துப் பன்னிரண்டு வீட்டு விளக்குகளுக்கு அது தாராளம். கோடையில் ஓடை வற்றும்போது வெயில் இருக்கிறது, சோலார் பார்த்துக்கொள்ளும். 1932-லேயே பைக்காராவில் தண்ணீரில் கரண்ட் எடுத்த மாவட்டம் இது, யாருக்கும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வனத்துறை அனுமதி கிடைக்காது என்பார்கள். 2006 வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் மின்கம்பி, தண்ணீர்க் குழாய், மரபுசாரா எரிசக்தி மூன்றுமே இருக்கின்றன. ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலமும் கிராம சபையின் பரிந்துரையும் வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான். எல்லா ஓடைக்கும் இது சரிவராது, யானை வழித்தடத்தில் குழாய் போட்டால் அடுத்த நாளே மிதிபடும். ஊர்க்காரர்களைக் கேட்டால் எந்த ஓடை என்று அவர்களே காட்டுவார்கள்.

கடைசியாக ஒன்று. டெண்டரில் எத்தனை பேனல் என்பதோடு நிறுத்தாமல், பேட்டரி மாற்ற ஐந்தாம் வருடத்துக்குப் பிறகு பணம் யார் கொடுப்பது என்பதையும் எழுதுங்கள். ஊருக்கு ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ வேலை கற்றுக்கொடுத்து மாதச் சம்பளமும் கொடுங்கள், ஒரு ஃபியூஸ் போனதற்கெல்லாம் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும் வரை காத்திருக்க முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பந்தலூர்.