கோயம்பேட்டுல எறங்குற நம்ம ஊர்க்காரங்களுக்காக மெட்ரோ ரயில்ல போவ வழி போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து எழுதுறேன்.

போன வாரம் அத்தைய பாக்க அம்மாவ கூட்டிக்கிட்டு மெட்ராஸ் ஜிஹெச்சுக்குப் போனேன், சென்ட்ரல் எதிர்ல இருக்கே அந்த கவர்மெண்டு ஆஸ்பத்திரிதான். பாண்டி போயி ஈசிஆர் பஸ் புடிச்சி கோயம்பேட்டுல எறங்குனோம். எப்பவும் எறங்குன ஒடனே ஆட்டோதான், கேக்கறத குடுத்துட்டு போயிருவோம், இந்த தடவ பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே மெட்ரோ இருக்கே ஏறித்தான் பாப்போம்னு அம்மாவ இழுத்துக்கிட்டு போயிட்டேன்.

மெட்ராஸ்ல மெட்ரோ வந்தது 2015ல, பூமிக்கு அடியில ஓடறதும் 2017ல இருந்து ஓடுது. ஆனா எங்க தெருவுல பாதி பேரு இன்னும் அதுல கால வச்சதில்ல. காசு இல்ல காரணம், டிக்கெட்டு 10 ரூபாயில இருந்து 50 ரூபாக்குள்ளதான். ஸ்டேஷன் கேட்டு எப்படி தொறக்கும், தப்பா எறங்கிட்டா என்ன பண்றது, நாலு பேரு பாப்பாங்களேன்னு ஒரு கூச்சம், அதான். எனக்கும் இருந்துச்சு. கவுண்டர்ல எங்க போவணும்னு சொன்னா க்யூஆர் போட்ட சீட்டு குடுக்கறாங்க, அத உள்ள போவும்போதும் காட்டணும், எறங்கி வெளிய வரும்போதும் காட்டணும், பஸ் டிக்கெட் மாதிரி கசக்கி போட்டுடக் கூடாது, இத யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா பாதி பயம் போயிருக்கும்.

கோயம்பேடு ஸ்டேஷன் தாண்டுனதும் வண்டி கீழ எறங்க ஆரம்பிச்சுது, ஜன்னல்ல வெளிச்சம் போயி இருட்டு. அம்மா என் கைய புடிச்சிக்கிட்டாங்க. திருமங்கலம் ஸ்டேஷன் வந்து, பிளாட்பாரம் ஓரமா முழுக்க கண்ணாடி செவுரு, வண்டி நின்னாத்தான் அதுல கதவு தொறக்குதுன்னு பாத்த அப்புறந்தான் கைய விட்டாங்க. புள்ளைங்கள கூட்டிக்கிட்டு போறவங்களுக்கு இத விட நிம்மதி என்ன வேணும்.

நாங்க தடுமாறுனது சென்ட்ரல்லதான். அங்க ரெண்டு லைன் ஒன்னுக்கு மேல ஒன்னா இருக்கு, வெளிய போற வழியும் நெறைய. கூட்டம் போன பக்கமே போயி மேல வந்து பாத்தா ரிப்பன் பில்டிங் பக்கம் நிக்கறோம், ஜிஹெச் இருக்கறது ரோட்டுக்கு அந்தாண்ட. முட்டி வலி உள்ள அம்மாவ வச்சிக்கிட்டு அந்த ரோட்ட எப்படி தாண்டறது? திரும்ப கீழ எறங்கி அங்க நின்ன காவலாளி அண்ணன கேட்டோம், சுரங்கப்பாதையிலயே ஜிஹெச் பக்கம் போவ வழி காட்டுனாரு, லிஃப்ட் எங்க இருக்குன்னும் சொன்னாரு.

அதனாலதான் இந்த கடுதாசி. நம்ம கடலூர், புதுச்சேரி பதிப்புல ஒரு நாள் அரை பக்கம் ஒதுக்கி மெட்ரோவுல எங்க எப்படி போவணும்னு போடுங்க ஐயா. சோழன் ரயில்ல போயி எழும்பூர்ல எறங்குனா ஜிஹெச்சுக்கு மெட்ரோவுல அடுத்த ஸ்டாப்பே சென்ட்ரல்தான். ஓமந்தூரார் ஆஸ்பத்திரி போறவங்க சென்ட்ரல்ல லைன் மாறி அடுத்ததா வர்ற அரசினர் தோட்டத்துல எறங்கணும், ஐகோர்ட்டு போறவங்களுக்கு அதே லைன்ல எதிர் பக்கம் ஒரே ஸ்டாப். திண்டிவனம் வழியா கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல எறங்குறவங்களுக்கு அங்க மெட்ரோ இன்னும் வரல, அவங்க எப்படி போவணும்னும் சேத்து போடுங்க. முக்கியமா எந்த வாசல்ல ஏறுனா எந்த பக்கம் வரும்னு ஒரு படம், எழுத்து கொஞ்சம் பெருசா. எங்க அம்மா அத வெட்டி சுருக்குப்பையில வச்சிக்குவாங்க, அடுத்த மாசம் மறுபடியும் போவணும்.

இப்படிக்கு,
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்